மாத்திரை நின்ற பிறகும் நிற்காத நாக்கு

ரிஸ்பெரிடோன் மாத்திரையை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நானாக நிறுத்தவில்லை, என் மனநல டாக்டர் பல மாதம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார். நோய் திரும்பவில்லை, நன்றாகத் தூங்குகிறேன், வேலை செய்கிறேன். ஆனால் என் நாக்கு ஓய்வதில்லை. வாய்க்குள் தானாகச் சுழல்கிறது, கன்னத்தை உள்ளே இருந்து தள்ளுகிறது, சும்மா உட்கார்ந்திருந்தால் உதடு குவிந்து குவிந்து விரிகிறது, தாடை எதையோ அசை போடுகிறது. கல்யாண வீடுகளில் "வாயில என்னம்மா, வெத்தலையா?" என்று கேட்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார்.

இதற்கு டார்டிவ் டிஸ்கினீசியா என்று பெயர். மனநோய் மருந்துகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு வருவது, பல பேருக்கு மருந்து நின்ற பிறகும் போகாதது. என்னைப் போலவே வாய் அசைந்துகொண்டு, அது ஏன் என்றே தெரியாமல் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் "பழையபடி ஆரம்பிச்சிடுச்சு" என்று பயந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் பிறந்து இரண்டாவது வாரத்தில் எனக்குத் தூக்கம் சுத்தமாகப் போனது. குழந்தையை ஆஸ்பத்திரியில் மாற்றிவிட்டார்கள் என்று நம்பினேன், சுவருக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்று நம்பினேன். பிரசவத்துக்குப் பிறகு வரும் சைக்கோசிஸ் அது, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். ஹாலோபெரிடால் போட்டார்கள், சில நாட்களில் சத்தங்கள் அடங்கின, சில வாரங்களில் என் பிள்ளையை என் பிள்ளையாகத் தூக்கிக்கொண்டேன். அந்த மருந்து இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் என்ன ஆகியிருப்போம் என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு நடுங்கும். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும், ஏனென்றால் கீழே வருவதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

அப்புறம் பைபோலார் என்று சொன்னார்கள், மனநிலை ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் நோய். லித்தியமும் ரிஸ்பெரிடோனும் என்று வருடங்கள் ஓடின. லித்தியம் இன்னும் தொடர்கிறது. பல வருடம் நன்றாக இருந்ததாலும், எடையும் சர்க்கரையும் ஏறியதாலும் ரிஸ்பெரிடோனை விட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் முடிவு செய்தார், நானும் சரி என்றேன்.

நிறுத்திச் சில வாரங்களில் மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, டிவி பாக்கும்போது நாக்கை வெளிய நீட்டி நீட்டி இழுக்குற." எனக்கு அது தெரியவே இல்லை. பின்னால் டாக்டரிடம் கேட்டதில், இந்த அசைவு உள்ளவர்கள் பல பேருக்குத் தங்கள் வாய் அசைவது தெரியாதாம், பார்ப்பவர்களுக்குத்தான் தெரியுமாம். கவனித்துப் பார்க்க ஆரம்பித்த பிறகு அதன் போக்கு எனக்கும் பிடிபட்டது. தூக்கத்தில் சுத்தமாக நின்றுவிடும். பேசும்போது, சாப்பிடும்போது குறையும். கையால் வேறு வேலை செய்யும்போது, மகளுக்குத் தலை பின்னும்போதோ காசு எண்ணும்போதோ, கூடும். யாராவது உற்றுப் பார்த்தால் இன்னும் கூடும். மனதை வைத்துக் கொஞ்ச நேரம் அடக்கலாம், அப்புறம் தாடை வலித்து விட்டுவிட வேண்டியிருக்கும்.

நான் தையல் வேலை செய்கிறேன், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். அளவு குத்தும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். இப்போது அது முடியாது. நாக்கின் ஓரம் பல்லில் உரசி உரசிப் புண்ணாகும், ஒரு கூர்ப்பல்லை டென்டிஸ்ட் தேய்த்து மழுங்கடித்துக் கொடுத்தார், அதற்கு அப்புறம் புண் வருவது குறைந்தது. இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய.

என் மாமியார் நல்லவர், மகள் பிறந்த சமயத்தில் நான் பட்டதெல்லாம் அவர் கண்ணால் பார்த்தது. அதனால் என் வாய் அசைவதைப் பார்த்ததும் அவருக்கு வந்த பயம் நியாயமானது. "ஏம்மா, மாத்திரையை நிறுத்தினதும் வந்துடுச்சு பாரு, நோய்தான் திரும்புது" என்றார். கணவரும் பயந்துவிட்டார். என் டாக்டர் ஊரில் இல்லாத நேரம், அவசரத்துக்கு வேறு ஒரு இடத்துக்குப் போனோம். அங்கே இரண்டு நிமிடம் பார்த்தார்கள். மருந்தை நிறுத்தியதால் நோய் திரும்புகிறது என்று சொல்லி ரிஸ்பெரிடோனைத் திரும்ப எழுதி, கூடவே பாசிடேன் என்ற மாத்திரையையும் எழுதினார்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மாத்திரை போட்டதும் அசைவு குறைந்தது. எல்லாரும் நிம்மதியாகி, பார்த்தாயா, நோய்தான் என்றார்கள்.

நான் இந்தப் பதிவை எழுதுவதற்கு முக்கியக் காரணமே இந்த இடம்தான். மாத்திரையைத் திரும்பப் போட்டதும் அசைவு அடங்குவது நோய் திரும்பியதற்கு அத்தாட்சி ஆகாது. அசைவை உண்டாக்கிய அதே மருந்து அதை மறைக்கவும் செய்யும். மூளையின் உள்ளே அசைவுகளைக் கட்டுப்படுத்தும் ஒரு பகுதியில் டோபமைன் என்ற ரசாயனம் வேலை செய்கிறது. இந்த மருந்துகள் டோபமைனைப் பிடித்துக்கொள்ளும் டி2 ஏற்பிகளை அடைத்துவிடுகின்றன, சத்தங்கள் அடங்குவது அதனால்தான். ஆனால் வருடக்கணக்கில் அடைபட்டிருந்தால், பேச்சு சரியாகக் கேட்காத வீட்டில் நாம் காதைத் தீட்டிக்கொள்வதைப் போல, அந்தச் செல்கள் கூடுதல் கூர்மையாகிவிடும் என்பது பல காலமாகச் சொல்லப்படும் விளக்கம். அடைப்பை எடுத்ததும் சாதாரண அளவு டோபமைனே அதிகமாகப் படுகிறது, தசைகள் தாமாக ஆடுகின்றன. திரும்ப அடைத்தால் அடங்கும், ஆனால் அடியில் உள்ளது மாறாது. எல்லாவற்றையும் இந்த ஒரு விளக்கத்தால் சொல்லிவிட முடியாது, செல்களுக்கு ஏற்படும் சேதமும் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். ஆனால் என் வீட்டாருக்குப் புரிய வைக்க இது போதுமாக இருந்தது.

பிறகு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் நரம்பியல் ஓபிக்குப் போனோம். காலையில் சீட்டுப் போட்டு மத்தியானம் வரை காத்திருந்த பிறகு ஒரு இளம் டாக்டர் பார்த்தார், நிதானமாகப் பார்த்தார். அவர் கேட்ட கேள்விகளே வேறு மாதிரி இருந்தன. சத்தம் கேட்கிறதா, சந்தேகம் வருகிறதா, தூக்கம் எப்படி, பேச்சு வேகமாகிறதா? எதுவும் இல்லை. நோய் திரும்பியிருந்தால் இதில் ஏதாவது இருக்க வேண்டும், வெறும் வாய் அசைவு மட்டும் வராது என்றார். மாத்திரையைக் குறைக்கும்போதோ நிறுத்தும்போதோ வரும் அசைவு சில பேருக்கு ஒன்றிரண்டு மாதங்களில் தானாக அடங்கிவிடும், அதைத் தாண்டியும் நின்றால்தான் நிலையானது என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். என் மனநல டாக்டரும் அவரும் போனில் பேசிக்கொண்டார்கள். மறுபடி மெதுவாக ரிஸ்பெரிடோனைக் குறைத்தார்கள். எனக்கு அது அடங்கவில்லை.

கோபம் வந்த ஒரு விஷயத்தையும் சொல்கிறேன். மனநோய்க்கு குளோர்புரோமசின் என்ற மருந்து பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்தது 1952இல். 1957இலேயே ஜெர்மனியில் ஷோனெக்கர் என்ற மருத்துவர் அந்த மருந்து எடுத்தவர்களின் வாய் அசைவுகளைப் பற்றி எழுதிவிட்டார். 1964இல் டென்மார்க்கில் அதற்கு இப்போதைய பெயரே வைத்துவிட்டார்கள். பழைய வகை மருந்துகளில் இளவயது, நடுவயதுக்காரர்களுக்கு வருடத்துக்குச் சுமார் நூற்றுக்கு ஐந்து பேர் என்று இது வந்துகொண்டே இருக்கும், வயதானவர்களுக்கு இன்னும் பல மடங்கு. புதிய வகையில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பெண்களுக்கு, சர்க்கரை உள்ளவர்களுக்கு, பைபோலார் போன்ற மனநிலை நோய் உள்ளவர்களுக்கு, ஆரம்பத்திலேயே கை கால் இறுக்கமும் நடுக்கமும் வந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இதில் ஒவ்வொன்றும் எனக்கு இருந்தது. இவ்வளவு காலமாகத் தெரிந்த விஷயம், இத்தனை வருடத்தில் ஒருவர்கூட "நாக்கை நீட்டுங்க பார்க்கலாம்" என்று சொல்லவில்லை.

வாயை விட என்னை வாட்டியது கால்கள்தான். அகதிசியா என்று சொல்கிறார்கள், இந்த மருந்துகளாலும் வருகிற, ஓரிடத்தில் இருக்க விடாத தவிப்பு. 1901இலேயே பிராகில் ஹாஸ்கோவெட்ஸ் என்ற மருத்துவர் இதை விவரித்திருக்கிறார், அதாவது இந்த மருந்துகள் எல்லாம் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே. அனுபவிக்காதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வலி இல்லை, அரிப்பு இல்லை, பதற்றம் என்று சொன்னாலும் சரியாக வராது. உட்கார்ந்தால் உள்ளுக்குள் ஏதோ எழுந்திரு எழுந்திரு என்று துரத்தும். எழுந்தால் நட என்னும். நடந்தால் கொஞ்சம் ஆறும், நின்றால் திரும்ப ஆரம்பிக்கும். சோறு வடிக்கும்போது இரண்டு காலும் மாறி மாறி எடை போட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரி எல்லாரும் தூங்கியதும் மொட்டை மாடியில் நடப்பேன், கீழே வந்து படுப்பேன், திரும்ப மேலே போவேன். மோட்டார் மாட்டாத என் பழைய மிதி மெஷின் அந்த நாட்களில் எனக்குப் பெரிய உதவி, மிதித்துக்கொண்டே இருந்தால் கால்களுக்கு நிம்மதி. தைக்கத் துணி இல்லாத நாளிலும் வெறும் மெஷினை மிதித்திருக்கிறேன்.

வெளியே இருந்து பார்த்தால் அது மேனியா, அதாவது பைபோலாரில் மனம் எல்லை மீறி ஏறும் நிலை, மாதிரியேதான் இருக்கும். ராத்திரி தூங்காமல் நடக்கிறாள், ஓரிடத்தில் உட்காரவில்லை, எரிச்சல்படுகிறாள். வீட்டார் பயந்ததில் தவறில்லை. மேனியாவில் நான் நடந்தபோது நடக்கப் பிடித்தது, ஊரையே தைத்துக் கொடுத்துவிடலாம் என்று இருந்தது. அகதிசியாவில் நடக்கப் பிடிக்காமல் நடந்தேன், அழுதுகொண்டே நடந்தேன். டாக்டரிடம் இந்த வித்தியாசத்தைச் சொன்ன பிறகுதான் அவருக்கும் தெளிவானது. இது கடுமையாக இருக்கும்போது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்கூட வரும், எனக்கும் வந்தது. அந்த எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், ராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எனக்குப் புரோப்ரனோலால் கொடுத்தார்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது, எனக்கு அது இல்லை. பல மாதங்களில் கால்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன.

பாசிடேன் விஷயத்துக்கு வருகிறேன். டிரைஹெக்ஸிஃபெனிடில் என்பது அதன் மருந்துப் பெயர். மனநோய் மாத்திரை எழுதும்போது கூடவே இதையும் எழுதுவது நம் ஊரில் சர்வசாதாரணம். கை நடுக்கம், உடம்பு இறுக்கம் போன்றவற்றுக்கு அது உதவும், ஹாலோபெரிடால் காலத்தில் எனக்கும் உதவியது. ஆனால் இந்த வாய் அசைவை அது குணப்படுத்தாது, பெரும்பாலும் கூட்டிவிடும். இரண்டும் ஒரே மருந்தால் வருவதால் இரண்டுக்கும் ஒரே மாற்று என்று நினைத்துவிடுகிறார்கள், மெடிக்கல் ஷாப்பிலேயே கேட்டு வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதைக் குறைத்து நிறுத்தியதும் அசைவு ஓரளவு இறங்கியது, வாய் உலர்வதும் போனது. அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

இன்னொன்று நான் எதிர்பார்க்கவே இல்லை. நரம்பியல் டாக்டர் என் பையில் இருந்த எல்லா அட்டைகளையும் மேஜையில் கொட்டச் சொன்னார். வயிற்று எரிச்சலுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கேப்ஸ்யூலை எடுத்துக் காட்டினார், பான்டோபிரசோலோடு லெவோசல்பிரைட் சேர்ந்தது. லெவோசல்பிரைடும் டோபமைனை அடைக்கும் மருந்துதான். கேஸ், நெஞ்செரிச்சல் என்று போகிறவர்களுக்கு மாதக்கணக்கில் எழுதப்படுகிறது, மனநோயே இல்லாதவர்களுக்கும் இதனால் வாய் அசைவும் நடுக்கமும் வருகின்றன. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும் அப்படித்தான், அதைப் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009இல் கடும் எச்சரிக்கையே அச்சடிக்க வைத்தது. ஒரு பக்கம் ஒரு டாக்டர் மெதுவாக மெதுவாக ஒரு மருந்தைக் குறைத்துக்கொண்டு வர, இன்னொரு பக்கம் அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை நான் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

எல்லாப் பழியையும் மருந்து மேல் போடவும் எனக்கு மனம் இல்லை, ஏனென்றால் உண்மை அவ்வளவு நேராக இல்லை. நம் சென்னையில் செய்த ஆராய்ச்சி ஒன்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. ஸ்காட்லாந்து மருத்துவர் மெக்கிரீடியும் சென்னையில் ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளுக்காக இயங்கும் ஸ்கார்ஃப் அமைப்பைச் சேர்ந்த டாக்டர் தாராவும் மற்றவர்களும் சேர்ந்து 1996இல் வெளியிட்டது. ஸ்கிசோஃப்ரினியா இருந்தும் வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத வயதானவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். அவர்களில் 38 சதவீதம் பேருக்கு இதே மாதிரி அசைவுகள் இருந்தன, மருந்து எடுத்தவர்களில் 41 சதவீதம். மருந்தே எடுக்காதவர்கள் வெறும் 21 பேர்தான், அதனால் இதை வைத்து மருந்தால் எதுவும் வராது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நோய்க்கும் இதில் பங்கு இருக்கிறது என்பது அதில் தெரிகிறது. என் நோய் வேறு, எனக்கு வந்த காலமும் மருந்தைத்தான் காட்டுகிறது. இருந்தாலும் "மருந்துதான் எல்லாவற்றையும் கெடுக்கும்" என்று யாராவது சொன்னால் இந்த ஆராய்ச்சியை நினைத்துக்கொள்வேன்.

நிறுத்துவதைப் பற்றியும் அப்படித்தான். 2023இல் இங்கிலாந்தில் ரேடார் என்ற ஆய்வின் முடிவு வந்தது. சைக்கோசிஸ் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு டாக்டர் மேற்பார்வையில் மெதுவாகக் குறைத்தே பார்த்தார்கள், இரண்டு வருடத்தில் கடுமையாக நோய் திரும்பியது குறைத்தவர்களில் 25 சதவீதம், வழக்கம்போலத் தொடர்ந்தவர்களில் 13 சதவீதம். ஆகவே நிறுத்துவது எல்லாருக்கும் ஏற்றது என்று நான் சொல்ல மாட்டேன். நிறுத்தலாம் என்று டாக்டரே முடிவு செய்தால், கடைசிப் படிகளைத்தான் மிக மிக மெதுவாக எடுக்க வேண்டும். ரிஸ்பெரிடோனில் 4 மில்லிகிராமிலிருந்து 3க்கு வருவது மூளைக்குச் சின்ன மாற்றம், 1இலிருந்து ஒன்றுமில்லாமல் போவது பெரிய மாற்றம், ஏனென்றால் கொஞ்சம் மருந்தே நிறைய ஏற்பிகளை அடைத்துவிடும். எனக்கு இரண்டாம் முறை குறைத்தபோது சொட்டு மருந்தாகக் கொடுத்தார்கள், அதில் அளவைத் துளித்துளியாகக் குறைக்க முடிந்தது.

இப்போது டெட்ராபெனசின் சாப்பிடுகிறேன். 25 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்து ஆரம்பித்தோம். ஏற்பியை அடைப்பதற்குப் பதில், நரம்பு நுனியில் டோபமைன் சேர்த்துவைக்கப்படுவதையே இது குறைக்கிறது. இதே வழியில் வேலை செய்யும் வால்பெனசின், டியூடெட்ராபெனசின் இரண்டையும் இந்த அசைவுக்கென்றே 2017இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள், அங்கேயே அவற்றின் விலை மலைக்க வைக்கும். டெட்ராபெனசின் நம்மால் வாங்க முடிகிற விலையில் இருக்கிறது. ஆனால் அது மனச்சோர்வைக் கொண்டுவரக்கூடியது, எனக்கு இருக்கும் நோய்க்கு அது ஆபத்து, அதனால் முதல் சில மாதங்கள் வாராவாரம் கணவர் என் மனநிலையைக் குறித்துவைத்து டாக்டருக்குக் காட்டினார். அசைவு பாதியாகக் குறைந்திருக்கிறது. முழுதாகப் போகுமா என்று டாக்டரிடம் கேட்டேன், சில பேருக்கு வருடங்கள் போகப் போகக் குறையும், சில பேருக்கு அப்படியே இருக்கும் என்றார். பொய் சொல்லாமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறார்கள் என்றால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. எய்ம்ஸ் என்று ஒரு பரிசோதனை, டெல்லி ஆஸ்பத்திரி பெயர் மாதிரியே இருக்கும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, 1970களில் அமெரிக்காவில் உருவாக்கியது. பத்து நிமிடம்கூட ஆகாது, ரத்தம் எடுக்க வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டி, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது, மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறையாவது இந்த மாதிரிப் பரிசோதிக்கச் சொல்கிறது. கைப்பிடி இல்லாத நாற்காலியில், செருப்பைக் கழற்றி, பாதம் தரையில் பட, கைகளை முழங்காலில் வைத்து உட்காரச் சொல்வார்கள். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்ப்பார்கள், வெளியே நீட்டச் சொல்வார்கள், இரண்டையும் இரண்டு முறை. கட்டைவிரலால் மற்ற விரல்களை வேகமாகத் தட்டச் சொல்லி, அந்த நேரத்தில் முகத்தையும் காலையும் கவனிப்பார்கள், கவனம் கைக்குப் போனால் வாய் அசைவு வெளியே வரும். அப்புறம் எழுந்து நிற்கச் சொல்லி, கையை நீட்டச் சொல்லி, நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள்.

டாக்டருக்கு ஓபியில் நேரம் இல்லை என்றால் இதையே வீட்டில் நல்ல வெளிச்சத்தில் செய்து, அவர்கள் சம்மதத்தோடு போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மாத்திரை மாற்றுவதற்கு முன் ஒன்று, மாற்றிய பிறகு ஒன்று, தேதியோடு. அடுத்த முறை போகும்போது வயிற்று மாத்திரை உட்பட எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய், டாக்டர் சீட்டு எழுதத் தொடங்கும் முன்பே வீடியோவைக் காட்டிவிடுங்கள்.